டிக்கியில் அறுபது கிலோ

டிசம்பர் 5, புதன்

போய்விட்டு வந்தாயிற்று. வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

காலையில் காரைச் சுற்றியிருந்த பனியை வாரித் தள்ளவே அரை மணி நேரம். ஐம்பத்தொன்பது வயதில், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அண்டா தூக்கிய இடுப்போடு, இரண்டே சீட்டு உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தோண்டி எடுக்கிறேன். தரையோடு தரையாகக் கிடக்கிற வண்டி. பின் சக்கரம் இரண்டும்தான் தள்ளும், முன் சக்கரம் சும்மா கூட வரும். ஊரில் எல்லோரும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில்தான் குளிர்காலத்தைத் தாண்டுகிறார்கள். இந்த மாதிரி வண்டியைப் பனியில் வெளியே எடுப்பவர்கள் இங்கே இரண்டே பேர். ஒன்று பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் இருபது வயதுப் பைத்தியம். இன்னொன்று நான்.

வீட்டுக்காரர் இசாவோவுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், பக்கத்தில் நிற்கும் ஆள் கலங்கலாகத் தெரிவார், அவ்வளவுதான். பின்னாலேயே சிறுநீரகமும் போயிற்று. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அசாஹிகாவா நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டர், நடுவில் கணவாய்.

எங்களிடம் உருப்படியான சின்ன வண்டி ஒன்று இருந்தது. ரோட்டில் கொட்டுகிற உப்பு அதன் அடிப்பாகத்தைத் தின்றுவிட்டது, இந்த வருஷ வண்டிச் சோதனையில் தேறவில்லை. வேண்டியது போகும், வேண்டாதது நிற்கும். நம் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

டிசம்பர் 7, வெள்ளி

ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று நர்ஸ் கிதாமுரா இன்று மறுபடி கேட்டாள். ஆஸ்பத்திரி பஸ் வாசலுக்கே வரும், காசு கிடையாது, டிரைவர் ஒனோதெரா கைப்பிடித்து ஏற்றுவார். நவம்பரில் இவர் இரண்டு வாரம் அதில்தான் போனார். மூன்றாவது வாரம் செருப்பைப் போடாமல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு முன் சீட்டுல ஒருத்தர் இருமிட்டே வருவாரு. திங்கக்கிழமை அந்த இருமல் இல்ல. புதன்கிழமை அதே சீட்டுல வேற ஆளோட செருமல். பஸ்ல ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. நாளைக்கு என் சீட்டுல யாரு செருமுவாங்கன்னு யோசிச்சிட்டே என்னால போக முடியாது."

"அப்ப எதுல போவீங்க?"

"நம்ம கார் இருக்கே."

"யாரு ஓட்டறது?"

பார்வையில்லாத கண் எப்படி அவ்வளவு சரியாக என் மேல் வந்து நின்றதோ தெரியவில்லை.

இதையெல்லாம் கிதாமுராவிடம் சொல்லவா முடியும்? அவருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்றேன்.

டிசம்பர் 14, வெள்ளி

கேவலம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். நாலு மணி நேரம் கழித்து வந்தால் பின் சக்கரம் இரண்டும் உறைந்து கல்லாக நிற்கிறது. இந்த வடக்குத் தீவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், குளிர்காலத்தில் கியரில் போட்டு நிறுத்த வேண்டும், ஹேண்ட் பிரேக்கைத் தொடக்கூடாது என்று.

இவர் சிரித்தார். டயாலிசிஸ் முடிந்து துணி பிழிந்த மாதிரி வெளியே வருகிறவர், கைத்தடியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா என்கூட இருக்கே. உனக்கு யாராச்சும் லைசென்ஸ் குடுத்தாங்களா, இல்ல சாமான் வாங்கினப்ப சேர்த்துக் குடுத்தாங்களா?"

வெந்நீர் ஊற்றி விடுவித்தோம். வழியெல்லாம் இவர் சொல்லச் சொல்ல ஓட்டினேன். இரண்டாவது கியரில் கிளப்பு. பிரேக்கைத் தொடாதே, காலை எடு, என்ஜின் பிடிக்கட்டும். பின்பக்கம் ஆடினால் ஆடட்டும், நீ பதறி ஸ்டீயரிங்கை ஒடிக்காதே. பனிச்சுவரைப் பார்க்காதே, எதைப் பார்க்கிறாயோ அங்கேதான் போவாய்.

கண் தெரியாத மனிதர் எந்த இடத்தில் காலை எடுக்க வேண்டும் என்று எப்படிச் சொல்கிறார் என்றால், இந்த ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் பனி வாரும் வண்டி ஓட்டியவர் அவர். ஊர் எழுந்திருக்கும் முன் ரோட்டைத் திறந்துவிட்டு வருவார். அப்புறம் தான் திறந்த ரோட்டிலேயே இந்தக் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போவார். ரோடு அவர் இடுப்பில் இருக்கிறது. வண்டியும்தான். பின் டயரில் காற்று கொஞ்சம் குறைந்தால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவார்.

டிசம்பர் 21, வெள்ளி

டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி வைத்திருக்கிறோம். என் தம்பி வயலில் விளைந்த தீட்டாத அரிசி, மூட்டை முப்பது கிலோ. பின்பக்கம் கனமாக இருந்தால்தான் சக்கரம் பனியைப் பிடிக்கும். மற்றவர்கள் மணல் மூட்டை வைப்பார்கள். இவர், "மணலை வசந்தத்துல கொட்டணும், அரிசின்னா வசந்தத்துல சாப்பிடலாம்" என்பார். கஞ்சன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் இவர் பேசுவதே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. காரில் ஏறியதும் ஆள் திரும்பி வருகிறது. "இப்ப எந்த இடம்? பாலம் தாண்டியாச்சா? ரோட்டு ஓரத்தைக் காட்ட மேல தொங்கற அம்புக்குறி தெரியுதா?" எனக்கு உயிர் போகிறது, அவருக்கு உயிர் வருகிறது. இப்படி ஒரு பங்கீடு.

டிசம்பர் 26, புதன்

கணவாயின் உச்சியில் காற்று பனியைக் கிளப்பி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. என் வண்டியின் மூக்குகூடத் தெரியவில்லை. நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான், போனால் பள்ளம். அந்த வெள்ளைக்குள் ஒரு நினைப்பு வந்தது. இப்படியே இரண்டு பேரும் போய்விட்டால் வெள்ளிக்கிழமை இல்லை, திங்கட்கிழமை இல்லை.

பயமாக இருக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 31, திங்கள்

வருஷக் கடைசி நாளும் டயாலிசிஸ். திரும்பி வந்து, வருஷக் கடைசி ராத்திரி இங்கே எல்லோரும் சாப்பிடுகிற சேமியாவை வேகவைத்தேன். இவருக்கு உப்பில்லாமல்.

ஜனவரி 13, ஞாயிறு

மகன் ரியோஹெய் வந்தான். நாற்பது நிமிஷம் இருந்தான், அதில் முப்பது நிமிஷம் காரைப் பற்றி. நாலு சக்கரமும் இழுக்கிற தன் பழைய வண்டியைத் தருகிறானாம். இவர் வாயே திறக்கவில்லை. எனக்கும் அந்த வண்டி வேண்டும்தான், சத்தியமாக வேண்டும். ஆனால் அதில் இவர் ஏறுவாரா? அது பஸ்ஸுக்குத் தங்கச்சி, அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் செத்ததுக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க பாரு, பனியிலேர்ந்து எடுக்க" என்றான் பிள்ளை. வாயில் நல்ல வார்த்தை.

போகும்போது வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. கூரையிலிருந்து சரிந்த பனி கொட்டகைக் கதவை மூடிக் கிடக்கிறது, மற்ற மூட்டைகள் உள்ளே. டிக்கியிலிருந்து ஒன்றை எடுத்து அவன் வண்டியில் வைத்தேன். கொட்டகையைத் தோண்டியதும் வேறு வைத்துவிட வேண்டும்.

ஜனவரி 15, செவ்வாய்

வீட்டில் அரிசி தீர்ந்தது. கொட்டகை இன்னும் மூடித்தான் இருக்கிறது, பனி இறுகிவிட்டது, மண்வெட்டி இறங்கவில்லை. டிக்கியில் இருந்த இன்னொரு மூட்டையையும் எடுத்துக்கொண்டு போய்ச் சந்தை முனையில் காசு போடும் மிஷினில் தீட்டிக்கொண்டு வந்தேன். தோள் வலி.

ஜனவரி 16, புதன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

காலையில் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவர் தலையைச் சாய்த்தார்.

"பின்னாடி லேசா இருக்கே. மூட்டை இருக்கில்ல?"

இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் திரும்ப வேண்டும், கொட்டகையைத் தோண்ட வேண்டும், மணியாகும், இவர் முணுமுணுப்பார். வாய் தானாகச் சொன்னது —

"இருக்கு, இருக்கு."

"அப்ப சரி. திருப்பத்துல நாப்பதுல போ, போதும்."

நாற்பதில் போனேன். வழுக்கலுக்குத் தூவ மணல் பெட்டி வைத்திருக்கிற மூன்றாவது திருப்பம். ரோடு கண்ணாடியாகக் கிடந்தது. பின்பக்கம் ஆடியது, ஆடட்டும் என்று விட்டேன், அது ஆடவில்லை, மொத்தமாகச் சுழன்று முன்னால் வந்தது. ரோடு, மரம், ரோடு, அப்புறம் பனிச்சுவர். சத்தமே இல்லை. மெத்தையில் விழுந்த மாதிரி.

"நோபுயோ. இருக்கியா?"

"இருக்கேன்."

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பனி வாரும் வண்டி வந்தது. அதில் இவர் வேலை கற்றுக்கொடுத்த ஆட்கள்தானா வர வேண்டும்? அவர்களில் சவாதா கயிற்றைக் கட்டிக்கொண்டே, "என்னண்ணே, எங்க வேலையைப் பாக்கறதுக்கு நேர்லயே வந்துட்டீங்களா" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். இவர் முகம் செத்துவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் தங்கள் வண்டியிலேயே கொண்டுவிடுகிறோம் என்றார்கள். வேண்டாம், வீட்டுக்கு என்றார் இவர்.

ஒரு விளக்கும் முன் பம்பரும் உடைந்தது. அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 17, வியாழன்

நேற்று தவறியதை இன்று செய்துகொள்ளலாம் என்று கிதாமுரா போன் செய்தாள். பஸ்ஸும் அனுப்புகிறேன் என்றாள். இவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஜனவரி 18, வெள்ளி

இன்றும் இல்லை. ஒனோதெரா வாசலில் கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்திவைத்தார். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். இப்படி எத்தனை கதவு பார்த்திருப்பார்கள்.

காரில் கூட்டிப்போகிறேன் என்றேன். "வேண்டாம்" என்றார். காரிலுமா வேண்டாம்? எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 19, சனி

ரியோஹெய் வந்து கத்தினான். "அந்த வண்டிதாம்மா எல்லாத்துக்கும் காரணம்." சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏன் சொல்லவில்லை? வண்டி ஒன்றும் செய்யவில்லை, டிக்கி காலி, நான் பொய் சொன்னேன் என்று ஒரே வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. எனக்குள் ஒருத்தி கையை உதறிக்கொண்டு, அப்பாடா, இனி நான் ஓட்ட வேண்டாம் என்றாள். அவள் குரல்தான் பெரிதாக இருந்தது. வெட்கம் கெட்டவள்.

ஜனவரி 20, ஞாயிறு

கால் வீங்கிக் காலுறை ஏறவில்லை. படுத்தால் மூச்சு திணறுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார். மீனாவது சாப்பிடுங்கள் என்றேன். "உனக்கு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஜனவரி 21, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது. மூட்டை இல்லீங்க. ரெண்டுமே இல்ல. ஒண்ணு ரியோஹெய்க்குக் குடுத்தேன், ஒண்ணு தீட்டிட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்.

அவருக்கு மூச்சு இழுத்தது.

"ரெண்டும் இல்லையா?"

"இல்ல."

"லேசாத்தான இருந்துச்சு."

"ஆமாங்க."

"எனக்குத் தெரிஞ்சுது நோபுயோ. நீ இருக்குன்னே. சரி, கண்ணு போச்சு, இப்ப இடுப்பும் போச்சுன்னு நினைச்சேன். கனமும் லேசும் தெரியாதவன் உன்னை நாப்பதுல போன்னு சொல்லிக் கொல்லப் பாத்துட்டேன்னு நினைச்சேன். இனிமே எதுக்கு ரத்தத்தைக் கழுவி வெச்சுக்கணும்?"

அதனால்தானா? கார் போனதால் இல்லை, பஸ்ஸைப் பிடிக்காததால் இல்லை. ஐந்து நாளாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தன்னால்தான் என்று — ஐயோ, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேனே.

"கோவமா?"

"கோவப்பட மூச்சு வேணும். அலமாரியில பழைய சாவி ஒண்ணு கிடக்கும், எடு."

ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. கொட்டகைக் கதவைக் கோடாலியால் அடித்துத் திறந்தேன். இரண்டு மூட்டையையும் இழுத்து வந்து டிக்கியில் போட்டேன். இந்த இடுப்பு எப்படித் தாங்கியதோ. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்று விழும்போதும் தலையை ஆட்டினார்.

மூன்றாவது திருப்பம் வந்தது. அவர் எப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானாகக் காலை எடுத்தேன், பின்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, சேர்ந்துகொண்டது. ஏன் ஒண்ணும் சொல்லல என்று கேட்டேன்.

"சொல்ல என்ன இருக்கு. நல்லாத்தான் போறே."

டயாலிசிஸ் இடத்தில் பார்த்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். டாக்டருக்கு என் மகன் வயதிருக்கும். "ஒரு வாரமா ஏன் கூட்டிட்டு வரல?" என்றார். வர மாட்டேன்னார் என்றேன். மறுபடியும் பாதிதான் சொன்னேன்.

ஜனவரி 23, புதன்

தண்ணீரை எடுத்துவிட்டார்கள். இதயம்தான் பழையபடி வரவில்லை என்கிறார்கள். குழாய்களுக்கு நடுவே, "வெளிய ரோடு எப்படி?" என்று கேட்டார். உருகி உறைஞ்சிருக்கு என்றேன். "ஜாக்கிரதையாப் போ."

ஜனவரி 30, புதன்

தினமும் போகிறேன், தினமும் வருகிறேன். தனியாக ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், காலை எடு, காலை எடு என்று. எதிரே வருகிறவர்கள் நான் பாடுகிறேன் என்று நினைப்பார்கள்.

இன்று இவர் கண்ணைத் திறக்கவில்லை. கையைப் பிடித்தேன், பிடித்தார். அல்லது பிடித்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 8, வெள்ளி

காலை ஆறு பத்துக்கு இசாவோ போய்விட்டார். நான் கணவாயில் இருந்தேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

அந்த ஒரு வாரத்தில் இதயம் அடிபட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஒரு வாரம் என்று அவர்கள் எழுதுகிறார்கள். எனக்குத் தெரியும், ஐந்து நாள். புதன் மாலையே சொல்லியிருந்தால் வியாழன் போயிருப்பார். வேண்டாம் என்றிருக்கவே மாட்டார்.

சவாதா குடும்பத்தோடு வந்து ஊதுவத்தி ஏற்றினார். அழுதார். நான் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 10, ஞாயிறு

காரை உடைப்பதற்கு ஆள் பேசிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ரியோஹெய் வந்தான். நாளை மறுநாள் வந்து எடுத்துப்போவார்களாம். வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல எனக்குச் சீட்டே கிடையாதும்மா. நீங்க ரெண்டு பேரும் கிளம்பிப் போவீங்க, சின்னப் பையன் நான் பக்கத்து வீட்டுல உக்காந்து சத்தம் வருதான்னு கேட்டுட்டே இருப்பேன். கடைசியில அப்பாவைக் கொன்னுட்டுத்தான் நின்னுது."

"வண்டி இல்லடா. நான்."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. மூட்டை, பொய், அவர் இடுப்பு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, சாவியை அவன் எடுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, எல்லாம். அவன் நடுவில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எனக்குக் குடுத்தியே, அந்த மூட்டையா?"

"ஒண்ணு அது."

"அது இன்னும் பாதி இருக்கும்மா. பசங்க தினம் சாப்பிடறாங்க."

இது எனக்குத் தோன்றவே இல்லை. என் பாவத்தில் ஒரு பிடி அவன் தலையிலும் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. உன் தப்பு இல்லடா, உனக்கு என்ன தெரியும் என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப உன் தப்புன்னு நான் சொல்லணுமா? அதுதான் வேணுமா உனக்கு?"

"ஆமா."

அவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது, அப்புறம் போனில் யாரிடமோ செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசுவது கேட்டது, அப்புறம் அவன் வண்டி கிளம்பிப் போனது. விடை சொல்லிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வெளியே போய்ப் பார்த்தேன். மறுபடி பனி தூற ஆரம்பித்திருந்தது. காரைச் சுற்றிச் சுத்தமாக வாரியிருந்தான், வாசலிலிருந்து ரோடு வரைக்கும். கண்ணாடி துடைக்கும் தண்டு இரண்டையும் நிமிர்த்திவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடியோடு சேர்ந்து உறையாமல் இருக்க இங்கே எல்லோரும் செய்வதுதான், மறுநாள் காலை ஓட்ட வேண்டிய வண்டிக்கு.

நாளைக்குத் திங்கட்கிழமை. எனக்குப் போக ஓர் இடமும் இல்லை. தண்டை மடக்காமல் உள்ளே வந்துவிட்டேன்.